கை வலிச்சா ஊசியை மட்டும் ஏம்ப்பா பிடுங்கறீங்க?

நாலு மாசமா இந்தப் பக்கம் வரலை. எங்கே காணோம்னு ரெண்டு மூணு பேர் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. (ரெண்டு மூணு பேராவது கேட்டாங்களேன்னு ஒரு அல்ப சந்தோஷம் :-) ) எங்கேயும் போகலை மக்களே. வலது கை ஸ்ட்ரைக். பேனா பிடிக்க முடியலை, தட்டச்ச முடியலை, முக்கியமா ஊசி பிடிக்க முடியலை. இப்போ கொஞ்சம் தேவலை. தேவலை ஆனதும் முதல் வேலையா சண்டைக்கு வந்துட்டேன். அதனால இது மொக்கைப் பதிவு இல்லை, சண்டைப் பதிவு. படமும் பயணமும் எதிர்பார்த்து வந்தவங்க ஓடிடாதீங்க, நடுவுல ரெண்டு ஊர் சுத்திக் காட்டறேன்.

முதல்ல கை கதை.

போன குளிர்காலத்துல ஆரம்பிச்சது. கிளாஸ்கோவுல டிசம்பர் மாசம் மூணே முக்காலுக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திடுவார். வெளியில மழை, உள்ளே ஹீட்டர், மடியில எம்பிராய்டரி வளையம். இதுதான் இத்தனை வருஷமா என் குளிர்கால வைத்தியம். அப்படி ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது. வலது கை என்னோடதே இல்லாத மாதிரி மரத்துக் கிடக்கு. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணிலேயும் ஆயிரம் ஊசி. கையை உதறினதும் சரியாச்சு. மறுநாளும் அதே. அப்புறம் பகல்லேயும் வர ஆரம்பிச்சது. ஊசி தானா நழுவி விழும். ஒரு நாள் காபி டம்ளரே விழுந்துச்சு.

டாக்டரம்மா மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாங்க, மடக்கிப் பார்த்தாங்க, கார்பல் டனல் சிண்ட்ரோம்னாங்க. மணிக்கட்டுல எலும்புக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவுல ஒரு குட்டிச் சுரங்கம் இருக்காம். அது வழியா ஒன்பது தசைநாணும் ஒரே ஒரு நரம்பும் போகுது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் அந்த நரம்புதான் நசுங்கும். சுண்டு விரலுக்குப் போற நரம்பு வேற ரூட்டுல போறதால அது மட்டும் தப்பிச்சுக்கும். நம்ம ஊர் பஸ்ல ஃபுட்போர்டு கூட்டம் மாதிரி ஒரு ஏற்பாடுன்னு வச்சுக்கங்க. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்கு இது அதிகம் வருதாம். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும்னு ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட்ல தைராய்டு சுரப்பு குறைவு.

வைத்தியம்? ராத்திரி மணிக்கட்டு மடங்காம இருக்க ஒரு பட்டை. தைராய்டுக்கு மாத்திரை. (ஸ்காட்லாந்துல 2011 ஏப்ரல்ல இருந்து மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது, 2006ல இருந்து கண் பரிசோதனையும் இலவசம். வாழ்க வாழ்க.) கேக்கலைன்னா மணிக்கட்டுல ஊசி, அதுக்கும் கேக்கலைன்னா சின்ன ஆபரேஷன். எம்பிராய்டரி பண்றேன்னு நானேதான் பயந்துக்கிட்டே சொன்னேன். "ஒரே மூச்சா உட்காராதீங்க, நடுநடுவே கைக்கு ஓய்வு குடுங்க"ன்னாங்க. அவ்ளோதான். நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

டாக்டர் சொல்லாததைச் சொல்லத்தான் நமக்கு ஒரு குடும்பம் இருக்கே.

அம்மா போன்ல: "ஏளா, அந்த ஊசியைத் தூக்கிக் குப்பையில போடு. கண்ணும் போச்சு, கையும் போச்சு."

எங்க வீட்டு ரங்கமணி: "நான் அப்பவே சொன்னேன்ல?" (எப்போ சொன்னாருன்னு எனக்கு இன்னும் ஞாபகம் வரலை.)

மதினி: "கை வலிக்குன்னா எதுக்கு அதைப் போட்டு மாரடிக்கணும்? விட்டுரு."

இங்கே பக்கத்துத் தெருவுல இருக்கற தமிழ்த் தோழி: "நல்லதாப் போச்சு, இனிமேலாவது கொஞ்சம் ரெஸ்ட் எடு."

எல்லாரும் பாசத்துலதான் சொன்னாங்க, ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் ஒரே குரல்ல சொன்னதுதான் எனக்கு உறுத்துச்சு. ஒரு பேப்பரை எடுத்து (இடது கையால, கோணல் மாணலா) என் வலது கை ஒரு நாள்ல என்னென்ன பண்ணுதுன்னு எழுதினேன்.

காலையில ரெண்டு டிபன் பாக்ஸுக்கு நறுக்கல், வதக்கல். ஆபீஸ்ல ஏழரை மணி நேரம் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு கணக்கு. (அதாங்க, ஆணி புடுங்கறது.) வந்து சப்பாத்தி மாவு பிசையறது. குக்கர் தேய்க்கறது. நனைஞ்ச துண்டைப் பிழியறது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வாக்வம். வாரம் ஒரு தடவை இட்லி மாவை வழிச்சு எடுத்து, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவறது. எல்லாம் முடிஞ்சு, ஒம்பதரையில இருந்து பத்தே கால் வரைக்கும் ஊசி.

ஆக, பதினஞ்சு மணி நேரம் கை உழைக்குது. அதுல முக்கால் மணி நேரம் எம்பிராய்டரி. கை வலின்னதும் எல்லாரோட விரலும் நீண்டது அந்த முக்கா மணி நேரத்தைப் பார்த்துத்தான். மாவு பிசையறதை விடுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? "இனிமே குக்கரை நான் தேய்க்கறேன்"னு ஒரு குரல்? ஆபீஸுக்கு ஒரு மாசம் லீவு போடுன்னு? ம்ஹூம்.

ஏன்னு யோசிச்சா ஒரே ஒரு பதில்தான் கிடைக்குது. மத்த பதினாலேகால் மணி நேரமும் யாரோ ஒருத்தருக்குத் தேவை. இந்த முக்கா மணி நேரம் எனக்கு மட்டும்தான் தேவை. எதை விட்டா வீட்ல யாருக்கும் நஷ்டம் இல்லையோ, அதைத்தான் வியாதின்னு சொல்றாங்க.

நான் மிகைப்படுத்தறேன்னு நினைக்கறவங்க அடுத்ததைக் கேளுங்க. ஊசியைத் தூக்கிப் போடச் சொன்ன அதே மதினி, ஒரு வாரம் கழிச்சு மறுபடி போன். வர்ற தையில அவங்க பொண்ணுக்குக் கல்யாணம். முதுகுல மயில், கை ரெண்டிலும் மாங்காய்க் கொடி வச்சு ஒரு ஜாக்கெட் பாதியில என்கிட்ட நிக்குது. "உடம்பைப் பார்த்துக்கோ. நம்ம புள்ளைக்குள்ள அந்த ஜாக்கெட்டை மட்டும் முடிச்சிரு, பொறவு ஊசியே தொடாத."

ஙே!

அடுத்தவங்களுக்குத் தைச்சா அது அன்பு, எனக்குத் தைச்சா அது கை வலி. கார்பல் டனலுக்கு இப்படி ஒரு அபூர்வ குணம் இருக்கறது டாக்டரம்மாவுக்கே தெரியாது. மதினி நல்லவங்க. எனக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடி வர்றவங்க. அதனாலதான் சொல்றேன், இது ஒருத்தரோட கெட்ட மனசு இல்லை, நம்ம எல்லாருக்கும் ஊறிப்போன ஒரு கணக்கு.

அந்தக் கணக்கோட இன்னொரு பக்கம் காசு. "ஒண்ணு போட்டுக் குடேன், நூலுக்கு ஆன காசைக் குடுத்துடறேன்." எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? போன வருஷம் ஒரு தோழி சுவத்துல மாட்ட க்ராஸ் ஸ்டிட்ச்ல ராதாகிருஷ்ணன் கேட்டாங்க. பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம், "சின்னதுதானே!" சரி, கணக்குப் போடுவோம். பதினாலு கவுண்ட் துணின்னா ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். பத்து அங்குலத்துக்கு 140. நூத்து நாப்பதை நூத்து நாப்பதால பெருக்கினா 19,600 தையல். நல்ல வெளிச்சத்துல, நிறம் மாத்தற நேரமும் சேர்த்து, மணிக்கு நூறு தையல் என் வேகம். ஆக 196 மணி நேரம். 2025 ஏப்ரல்ல இந்த ஊர் அரசாங்கம் 21 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வச்ச குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பெருக்கிப் பாருங்க: 2,393 பவுண்டு சொச்சம். "நூல் காசு"ன்னு அவங்க நீட்டினது இருபது.

காசு கேட்டு இதைச் சொல்லலை. பிரியப்பட்டவங்களுக்கு நானே போட்டுக் குடுத்திருக்கேன், இனியும் குடுப்பேன். குடுக்கறது என் இஷ்டமா இருக்கணும், அவ்ளோதான். அதோட, இதுல இன்னொருத்தர் வயித்துல அடிக்கிற விஷயமும் இருக்கு. நம்ம ஊர்ல ஆரி வொர்க் பண்ற பொண்ணுங்க நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்து கொக்கி ஊசியால ஜாக்கெட் போடறாங்க. நீலகிரியில தோடர் பெண்கள் டிரேஸ் பேப்பரே இல்லாம இழையை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்புல பூத்துக்குளிக்கு வேலைப்பாடு செய்யறாங்க. 2013ல அதுக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைச்சுது. அவங்க விலை சொன்னா, "எங்க நாத்தனார் சும்மாவே போட்டுத் தருவாங்க"ன்னு பேரம் பேசறது யாரு? அந்த நாத்தனார் நாந்தேன்! கேட்டவங்களுக்கெல்லாம் நான் ஓசியில நீட்டினா, அது பிழைப்புக்குத் தைக்கறவங்க கூலியையும் சேர்த்துத்தான் குறைக்குது. இதை உணர எனக்கே இருபது வருஷம் ஆச்சு.

"அப்போ நீயும் வித்துடு, எட்ஸியில கடை போடு"ங்கறது அடுத்த கோஷ்டி. ரங்கமணி இந்தக் கட்சி. ஐயா, நீங்க வாரா வாரம் கிரிக்கெட் ஆடறீங்க, யாராவது டிக்கெட் போட்டு வித்தீங்களான்னு கேட்டேனா? ஓசியில குடுக்கணும், இல்லைன்னா காசாக்கணும், ரெண்டும் இல்லைன்னா நிறுத்தணும். நாலாவதா "வச்சுக்கோ, உன்னோடது"ன்னு ஒண்ணு இருக்கே?

சரி, ரொம்பக் கத்திட்டேன். தண்ணி குடிச்சுட்டு ஊர் சுத்தலாம் வாங்க.

கைப்பட்டையோட வீட்ல அடைஞ்சு கிடந்தப்போ, தைக்கத்தான் முடியலை, தைச்சதைப் பார்ப்போம்னு கிளம்பினேன். எடின்பரோ போய், 2015ல திறந்த பார்டர்ஸ் ரயிலைப் பிடிச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள கேலஷீல்ஸ். "துணி பார்க்க இவ்ளோ தூரமா?"ன்னார் ரங்ஸ். (ஃபுட்பால் மைதானத்துல காலி நாற்காலியைப் பார்க்க மான்செஸ்டர் வரை போனவர் இவர்.) அங்கேதான் கிரேட் டாபஸ்ட்ரி ஆஃப் ஸ்காட்லாந்துக்குன்னே 2021ல திறந்த கட்டடம் இருக்கு. டாபஸ்ட்ரின்னு பேர்தான், நிஜத்துல நெசவு இல்லை, லினன் துணியில கம்பளி நூல் எம்பிராய்டரி. பிரான்ஸோட பேயோ டாபஸ்ட்ரி கதையும் அதேதான். ஆனா பேயோ சுமார் 70 மீட்டர், இது 143. மொத்தம் 160 சட்டம். எழுத்தாளர் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்துக்கு வந்த யோசனை, வரைஞ்சவர் ஆண்ட்ரூ க்ரம்மி, தைச்சவங்க நாடு முழுக்க ஆயிரம் பேர். 2013ல முடிஞ்சுது. முக்காவாசி பேர் நம்மளை மாதிரி வீட்ல உட்கார்ந்து ஹாபியா ஊசி பிடிக்கறவங்க. அம்பதாயிரம் மணி நேரம் ஆச்சாம்.

ஒவ்வொரு சட்டமா மூக்கு முட்டற தூரத்துல நின்னு பார்த்தேன். சரித்திரம் பாதி புரியலை. தையல் எல்லாம் புரிஞ்சுது. இது காம்புத் தையல், இது பிரெஞ்சு நாட், இந்த இடத்துல நூல் தீர்ந்து வேற லாட் வாங்கியிருக்காங்க... தைச்சவங்க தங்களோட முதலெழுத்தையும் ஓரத்துல போட்டிருக்காங்க. அதைப் பார்த்ததும் தொண்டை அடைச்சுது. எங்க அம்மா போட்ட தலையணை உறை, மேஜை விரிப்பு, எதுலயாவது அம்மா பேர் உண்டா? அப்பா பேரோட முதலெழுத்து உண்டு.

திரும்பற வழியில எடின்பரோ ஹோலிரூட் அரண்மனை. ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கிலாந்துல சிறையில இருந்தப்போ தைச்ச ஒரு பூனைப் படம் இந்த அரண்மனைச் சேகரிப்புல சேர்ந்தது. செம்பட்டைப் பூனை, பக்கத்துல ஒரு எலி. எலிசபெத் ராணிக்குச் செம்பட்டை முடி, அதனால பூனை அவங்க, எலி மேரிதான்னு விளக்கம் சொல்றாங்க. 1568ல இருந்து 1587ல தலை போற வரைக்கும் காவல். நாடு போச்சு, மகன் போனான், கையில மிச்சம் இருந்தது ஊசி. அந்த அம்மாவைப் பார்த்து "எதுக்கு இதைப் போட்டு மாரடிக்கணும்?"னு கேக்க முடியுமா?

அடுத்த வாரம் பெய்ஸ்லி. எங்க ஊர்ல இருந்து ரயில்ல கால் மணி நேரம்கூட இல்லை. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கம் விக்கிரமசிங்கபுரம். ஹார்வி சகோதரர்கள் 1880கள்ல தாமிரபரணி அருவித் தண்ணி பலத்துல ஆரம்பிச்ச பஞ்சாலை ஊர். மில்லுச் சங்கு ஊதினாத்தான் எங்களுக்கு விடியும். அப்பா அங்கே ஸ்பின்னிங்ல இருந்தார். பள்ளிக்கூடத்துல கைத்தொழில் பீரியட்ல தையல் நோட்டு போட நாங்க வாங்கினது ஆங்கர் நூல். நங்கூரம் போட்ட அந்தச் சீட்டு எங்கே இருந்து வந்ததுன்னு அப்போ யாருக்குத் தெரியும்? பெய்ஸ்லியில கார்ட் ஆத்து ஓரம் நிக்கறேன், எதிர்ல ஆங்கர் மில். பக்கத்துலேயே சலசலன்னு அருவி. இப்போ அது அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்பா இருந்திருந்தா உடனே போன் போட்டிருப்பேன்.

இன்னொண்ணு. மதினி கேட்ட மாங்காய்க் கொடி இருக்கே, அந்த மாங்காய்க்கு உலகம் முழுக்கப் பேரே பெய்ஸ்லிதான். காஷ்மீரத்துச் சால்வையைப் பார்த்து ஐரோப்பாவே ஆசைப்பட்டது. கையால ஒண்ணு செய்ய ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். பெய்ஸ்லித் தறிக்காரங்க பத்தொம்பதாம் நூற்றாண்டுல அதைப் பார்த்துத் தறியில சல்லிசா போட்டாங்க. கடைசியில வடிவத்துக்கு ஸ்காட்லாந்து ஊர்ப் பேர் நிலைச்சுது, காஷ்மீரத்துக் கை எதுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லை. கைவேலையில பேர் போடாம விட்டா இதுதான் நடக்கும்.

கடைசியா ஒரு விஷயம் சொல்லிட்டு முடிக்கறேன். முதல் உலகப்போர்ல அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்த சிப்பாய்களுக்கு இந்த நாட்ல வைத்தியமாவே எம்பிராய்டரி கத்துக் குடுத்தாங்க. அவங்க தைச்ச பலிபீடத் துணியை 1919ல லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல நடந்த நன்றி வழிபாட்டுல விரிச்சாங்க. கையும் மனசும் உடைஞ்ச ஆம்பளைங்களுக்கு அது மருந்து. மரியாதையா கோயில்ல வச்சாங்க. நாம தொட்டா மட்டும் அது கெட்ட பழக்கம்!

தையலால கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. ஒரே பிடியை மணிக்கணக்கா பிடிச்சா வலிக்கத்தான் செய்யும். அதனால மாத்திக்கிட்டேன். வளையத்தைக் கையில பிடிக்காம தரையில நிக்கற ஸ்டாண்டுல மாட்டியாச்சு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை டைமர் அடிக்கும், எழுந்து கையை நீட்டி மடக்குவேன். மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கறதில்லை. ராத்திரிப் பட்டை இன்னும் உண்டு. உங்க யாருக்காவது ராத்திரியில விரல் மரத்து முழிப்பு வந்தா ஊசியைத் திட்டிக்கிட்டு உட்காராம டாக்டர்கிட்ட போங்க, தைராய்டும் சர்க்கரையும் பாருங்க. எனக்கு அந்தக் கையே தைராய்டைக் காட்டிக் குடுத்துச்சு.

இதோட வீட்லயும் சில மாற்றம். சப்பாத்தி மாவு இனி ரங்ஸ் டிபார்ட்மெண்ட். முதல் வாரம் கல்லு மாதிரி இருந்துச்சு, இப்போ பரவாயில்லை. குக்கர் பெரியவன் பொறுப்பு. ஒண்ணும் குடி முழுகிப் போகலை. கை வலிக்குதுன்னா முதல்ல எதைக் குறைக்கறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். பட்டியல்ல கடைசியாத்தான் ஊசி வரும்.

மதினிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மயில் முடிஞ்சுது, அது என் ஆசைக்கு, புள்ளைக்கு என் சீர். மாங்காய்க் கொடியை அம்பாசமுத்திரத்துல ஆரி வொர்க் பண்ற பொண்ணுகிட்ட குடுங்க, கேட்ட கூலியைக் குடுங்க, பேரம் பேசாதீங்கன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, கை எப்படி இருக்கு?"ன்னாங்க. நல்லா இருக்கு மதினி.

மயிலோட தோகைக்கு அடியில, உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்துல என் பேரோட முதலெழுத்தைப் போட்டிருக்கேன். அப்பாவோடதை இல்லை.

டிஸ்கி: இதைத் தட்டச்ச மூணு நாள் ஆச்சு, இருபது இருபது நிமிஷமா. அதனால எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. "நூல் காசு" அனுபவம் உங்களுக்கும் இருக்கும், வந்து கொட்டிட்டுப் போங்க. வர்ட்டா :-)